காதால் கற்ற கிற்றார்

எமது வீடுகளில் வயலினோ வீணையோ மிருதங்கமோ படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் உண்டு, சோதனை உண்டு, அரங்கேற்றம் உண்டு. அதே வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிற்றார் பழகும் பிள்ளைக்கு இவை ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை செய்வதைச் சங்கீதம் என்று நாம் சொல்வதில்லை, சத்தம் என்கிறோம். ஆனால் அந்தச் சத்தத்துக்கும் ஒரு குருபரம்பரை இருக்கிறது. சிறைக்கைதிகளும் வீட்டு வேலைக்காரிகளும் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் அதிலே குருமாராக இருந்தார்கள். அவர்களிற் பலருடைய பெயர் அவர்களது பாட்டைச் சுமந்து விற்பனையான இசைத்தட்டில் அச்சாகவில்லை. அந்தப் பரம்பரையைப் பற்றியதே இக்கட்டுரை.

கிற்றார் என்ற கருவியே ஊர்விட்டு ஊர்போனவர்களின் கருவிதான். இன்று அமெரிக்கக் கிற்றாரின் அடையாளமாகக் கருதப்படும் மார்ட்டின் கிற்றாரை எடுத்துக்கொள்வோம். அதன் மூலவரான கிறிஸ்ரியன் பிரெடெரிக் மார்ட்டின், ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலுள்ள மார்க்நொய்கிர்ஷனைச் சேர்ந்தவர். அங்கு கிற்றார் செய்தவர்கள் தளபாடத் தச்சர்கள். வயலின் செய்வோரின் தொழிற்குழு, இசைக்கருவி செய்யும் உரிமை தங்களுக்கே உரியது, தச்சர்களுக்கு அதில் இடமில்லை என்று வழக்காடியது. யார் எந்தத் தொழிலைச் செய்யலாம் என்ற அந்தச் சண்டையில் அலுத்துப்போய் 1833இல் மார்ட்டின் நியூயோர்க்குக்குக் கப்பல் ஏறினார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நசரேத் ஊரில் குடியேறினார். ஊரில் இருக்க முடியாதவன் கையோடு கொண்டுபோன தொழில் அது.

* * *

இனி இங்கிலாந்துக்கு வருவோம். றொக், பொப் பாடல்களைப் பள்ளிக்கூடப் பையன்கள் தாங்களாகவே வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வழக்கம் ஒரு வெகுசன இயக்கமாகியது அங்கேதான். யுத்தம் முடிந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1954இல்தான் அங்கு உணவுப் பங்கீடு முற்றாக நின்றது. டொலர் கையிருப்பைக் காப்பதற்காக 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்குத் தடை இருந்தது. நல்ல அமெரிக்கக் கிற்றாரைப் பையன்கள் படத்தில் மட்டுமே பார்த்தார்கள். தடை நீங்கிய 1959இல் பாடகர் கிளிஃப் றிச்சர்ட், தன் குழுவின் ஹாங்க் மார்வினுக்காக ஒரு சிவப்பு ஃபெண்டர் ஸ்ற்றற்றோகாஸ்ரரை அமெரிக்காவிலிருந்து தருவித்தது அந்தக் காலத்தில் ஒரு பெரிய செய்தி.

அந்த வறட்சிக்குள்தான் 'ஸ்கிஃபிள்' வந்தது. கிளாஸ்கோவிற் பிறந்த லொனி டொனெகன், கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவில் பான்ஜோ வாசித்துக்கொண்டிருந்தவர். 1954 யூலையில் அக்குழுவின் இசைத்தட்டொன்றுக்காக, ஒரு கிற்றார், ஒரு டபிள் பேஸ், உடுப்புத் தோய்க்கும் நெளிபலகை ஒன்று, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு 'றொக் ஐலண்ட் லைன்' என்ற பாட்டைப் பாடினார். 1956 தொடக்கத்தில் அது தனித்தட்டாக நாடெங்கும் ஒலித்தது. அதைக் கேட்ட பையன்களுக்கு உண்டான எண்ணம் ஒன்றுதான்: இதை நானும் வாசிக்கலாம். சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான குழுக்கள் முளைத்தன. கிற்றார்க் கடைகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது.

டபிள் பேஸ் வாங்க வழியில்லாதவர்கள் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பலகைப் பெட்டியில் ஒரு தும்புக்கட்டைத் தடியை நட்டு, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, தடியைச் சாய்த்து இறுக்கியும் தளர்த்தியும் தாழ்ந்த சுரங்களை எழுப்பினார்கள். இந்தப் பெட்டிகள் எங்கிருந்து போயின? அக்காலத்தில் பிரித்தானியா குடித்த தேயிலையின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. பிரித்தானிய றொக் இசையின் பால பருவத்துக்குத் தாளம் தந்த அந்தப் பெட்டிகளில் ஒரு பகுதியையேனும் நிரப்பிய கொழுந்து, எமது மலையகத்துப் பெண்களின் விரல் நுனியிலிருந்து வந்தது. அப்போது அவர்களிற் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தார்கள். இசையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெட்டியைக் குறிப்பிடுவார்கள். பெட்டிக்குள் இருந்ததைக் குறிப்பிடுவதில்லை.

* * *

இந்தப் பையன்கள் கற்றது எப்படி?

முதலில், கற்க வேண்டியது கொஞ்சமாக இருந்தது. மூன்று 'கோர்ட்'கள் போதும். கோர்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. எமது முறையிற் சொன்னால், ஷட்ஜத்தின் மேல் ச-க-ப, மத்திமத்தின் மேல் ம-த-ச, பஞ்சமத்தின் மேல் ப-நி-ரி. இந்த மூன்று கூட்டையும் சேர்த்துப் பாருங்கள். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் அதற்குள் வந்துவிடுகின்றன. ஆகவே அந்த அளவுகோலில் அமைந்த எந்தப் பாட்டுக்கும் இந்த மூன்றைக் கொண்டு ஒருவாறு பக்கம் வாசித்துவிடலாம். ஸ்கிஃபிளின் இரகசியம் இவ்வளவுதான். கிற்றாரில் இதற்கு வசதியானது ஈ, ஏ, பீ7 என்ற மூன்று. முதலிரண்டும் இலேசு. பீ7 நான்கு விரலையும் கேட்கும்.

இந்த பீ7 பற்றி லிவர்பூலில் ஒரு கதை உண்டு. நகரின் மறு கோடியில் ஒருவருக்கு அந்தக் கோர்ட் தெரியும் என்று கேள்விப்பட்டு, போல் மக்கார்ட்னியும் நண்பர்களும் பஸ் மாறிப் போய் அதைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஒரு கோர்ட்டுக்காக ஒரு பிரயாணம்! இதை மக்கார்ட்னியே பலதடவை சொல்லியிருக்கிறார். அறிவு எழுத்தில் கிடைக்காத இடத்தில் அது மனிதரிடம் இருக்கிறது. மனிதரிடம் போய்த்தான் அதைப் பெறவேண்டும்.

அவருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. தகப்பன் வாங்கிக் கொடுத்த ட்றம்பெற்றைக் கொடுத்து மாற்றாக ஒரு செனித் கிற்றார் வாங்கினார். கை வசப்படவில்லை. அவர் இடக்கைக்காரர். ஸ்லிம் விற்மன் என்ற பாடகர் இடக்கையால் கிற்றார் பிடித்திருக்கும் படமொன்றைக் கண்ட பிறகே தந்திகளை மாற்றிக் கட்டலாம் என்று அவருக்கு விளங்கியது. ஜோன் லெனனோ தாய் யூலியாவிடம் பான்ஜோ கோர்ட்களைக் கற்றவர். கிற்றாரையும் பான்ஜோ போலச் சுருதி கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். 1957 யூலை 6ஆம் நாள், வூல்ட்டன் சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின் தோட்ட விழாவில் இருவரும் சந்தித்தபோது, கிற்றாரை முறையாகச் சுருதி கூட்டவும் ஒரு பாட்டின் சொற்கள் முழுவதையும் சொல்லவும் மக்கார்ட்னிக்குத் தெரிந்திருந்தது. லெனன் அவரைச் சேர்த்துக்கொண்டார். பீற்றில்ஸ் அங்கே தொடங்குகிறது.

புத்தகமும் இல்லாமலில்லை. அதே 1957இல் பேர்ட் வீடன் எழுதிய 'ப்ளே இன் எ டே' வெளிவந்தது. ஒரே நாளில் வாசிக்கலாம் என்ற தலைப்பை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. லெனன், மக்கார்ட்னி, ஹரிசன், எரிக் கிளாப்ரன், பிரையன் மே என்று அடுத்த தலைமுறையின் பெயர்பெற்ற கிற்றார்க் கலைஞர் பலர் அதைப் புரட்டியிருக்கிறார்கள். பிடியும் விரலும் புத்தகத்தில் இருந்தன. அவர்கள் வாசிக்க விரும்பிய பாட்டோ இசைத்தட்டில் இருந்தது.

ஆகவே இசைத்தட்டுத்தான் உண்மையான ஆசிரியர். அக்காலத்து இசைத்தட்டுப் பெட்டிகள் பலவற்றில் நான்கு வேகங்கள் இருந்தன. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடவேண்டிய தட்டை 16⅔இல் ஓடவிட்டால் வேகம் சரிபாதியாகும். சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். சுரம் மாறாது. விரைந்தோடிய பிடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கலாம். ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்து, தட்டில் வெண்கோடு விழும்வரை கேட்டுக் கற்றவர்கள் எத்தனையோ பேர். பின்னர் வந்தவர்கள் கசெற்றைப் பின்னோட்டிப் பின்னோட்டி நாடா அறுந்துபோகும் வரை இதையே செய்தார்கள். 1961இல் டார்ட்ஃபோர்ட் புகையிரத நிலையத்தில் கீத் றிச்சர்ட்ஸ், மிக் ஜாகரை நெருங்கிப் பேசக் காரணம், ஜாகரின் கையில் இருந்த சக் பெரி, மடி வோட்டர்ஸ் இசைத்தட்டுகள். சிகாகோவிலிருந்து தபாலில் தருவித்தவை அவை. றோலிங் ஸ்ரோன்ஸ் குழு அந்தச் சந்திப்பிலிருந்து வளர்ந்தது.

* * *

இதுவரை சொன்னது வெள்ளைக்காரப் பையன்களின் வெற்றிக் கதை. அவர்கள் வாசித்தது யாருடைய பாட்டு?

'றொக் ஐலண்ட் லைன்' என்ற பாட்டை ஜோன் லோமாக்ஸ் 1934இல் ஆர்க்கன்சோ மாநிலத்துச் சிறைப் பண்ணையில் கறுப்பினக் கைதிகள் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். அவருடன் போயிருந்த ஹடி லெட்பெற்றர், 'லெட்பெலி' என்று அறியப்பட்டவர், தானே சிறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்தவர். பாட்டைக் கேட்டு மனத்தில் வாங்கி, பன்னிரண்டு தந்திக் கிற்றாருக்கு ஏற்றவாறு செப்பனிட்டுப் பாடினார். காதால் கற்பதில் அவரும் அந்த லிவர்பூல் பையன்களுக்கு முன்னோடிதான். 1949 டிசெம்பரில் அவர் நியூயோர்க்கில் இறந்தார். மறு ஆண்டே அவருடைய 'குட்நைற் ஐரீன்' வேறொரு குழுவின் குரலில் அமெரிக்காவின் முதலாவது பாட்டானது. அதையும் அவர் காணவில்லை, டொனெகனையும் காணவில்லை.

எலிசபெத் கொட்டனின் கதை இதிலும் ஆழமானது. 1893இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாகவே வீட்டு வேலைக்குப் போய், சேர்த்த சம்பளத்தில் 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு ஸ்ரெல்லா கிற்றார் வாங்கினார். இடக்கைக்காரி. தந்திகளை மாற்றிக் கட்டவில்லை. கிற்றாரையே தலைகீழாகப் பிடித்தார். மற்றவர்கள் பெருவிரலால் வாசிக்கும் தாழ்சுரங்களை இவர் விரல்களால் வாசித்தார். மெட்டைப் பெருவிரல் வாசித்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் 'ஃபிறெயிட் ட்றெயின்' என்ற பாட்டைக் கட்டினார். பிறகு கலியாணம், தேவாலயம், வேலை. கிற்றார் கையைவிட்டுப் போயிற்று. 1940களின் கடைசியில் வாஷிங்ரனில் ஒரு பெரிய கடையில் வேலைசெய்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன சிறுமி ஒருத்தியைத் தாயிடம் சேர்ப்பித்தார். சிறுமி பெகி சீகர். தாய் இசையமைப்பாளர் றூத் குறோஃபோர்ட் சீகர். அந்த வீட்டில் சமையலுக்கும் வேலைக்கும் சேர்ந்தவர், ஒருநாள் சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்து வாசித்தபோதுதான் அவர் யாரென்று அவ்வீட்டாருக்குத் தெரிந்தது.

பெகி சீகர் வளர்ந்து இங்கிலாந்து போனபோது அந்தப் பாட்டையும் கொண்டுபோனார். 1957இல் சாஸ் மக்டெவிட் குழு, நான்சி விஸ்கியின் குரலில் அதை வெளியிட்டது; பெரிய வெற்றி. பாட்டாசிரியர் என்ற இடத்தில் வேறு இரு பெயர்கள் இருந்தன. சீகர் குடும்பத்தார் துணைநின்று போராடிய பிறகே கொட்டனின் பெயர் அதிற் சேர்ந்தது. 1958இல், அறுபத்தைந்து வயதில், அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1985இல் கிராமி விருது. 1987இல் மறைந்தார். இன்று விரலால் தந்தி மீட்டக் கற்பவர்களின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று அந்தப் பாட்டு.

மூன்றாவது, தொடக்கநிலை மாணவர் அனைவரும் வாசிக்கும் 'ஹவுஸ் ஒவ் த றைசிங் சன்'. நியூகாசிலைச் சேர்ந்த அனிமல்ஸ் குழு 1964இல் அதை இரு நாடுகளிலும் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. ஹில்ரன் வலன்ரைன் கோர்ட்களைச் சுரம் சுரமாகப் பிரித்து மீட்டிய அந்தத் தொடக்கம், கிற்றார் பழகும் ஒவ்வொருவரும் ஒருநாள் ஏறிப்பார்க்கும் படி. ஆனால் தட்டில் மரபுப் பாடல் என்று போட்டு, அமைத்தவர் என ஓர்கன் வாசித்த அலன் பிரைஸின் பெயர் மட்டும் அச்சாகியது. ஐந்து பெயருக்கு இடம் போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். உரிமைப்பணம் பெயர் இருந்த இடத்துக்கே போனது. 1937இல் கென்ரக்கியில் அலன் லோமாக்ஸுக்கு இதே பாட்டைப் பாடிக்கொடுத்த, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பதினாறு வயது மகள் ஜோர்ஜியா ரேர்னரின் பெயர் அந்தத் தட்டில் எங்குமில்லை.

* * *

காலம் மாறியது. பிடிகளை ஆறு கோட்டில் இலக்கங்களால் எழுதும் 'டாப்' முறை பரவலானது. இது புதிதல்ல, பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் லூட் வாத்தியத்துக்கு இப்படித்தான் எழுதினார்கள். எமது சுரக்குறிப்பு எந்தச் சுரம் என்று சொல்லும். டாப் எந்தத் தந்தியில் எந்தக் கட்டையில் விரல் என்று சொல்லும். 1992இல் கணினி வலையில் 'ஒல்கா' என்ற பொதுக் களஞ்சியம் தோன்றி, இரசிகர்கள் காதால் கேட்டு எழுதிய ஆயிரக்கணக்கான பாட்டுகளின் டாப்களை இலவசமாகச் சேர்த்து வைத்தது. பதிப்புரிமையைக் காட்டி வெளியீட்டாளர்கள் விடுத்த எச்சரிக்கைகளால் பலதடவை தடைப்பட்டு, 2006இல் அது ஒரேயடியாக நின்றது.

சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். பாட்டு எழுதியவனும் சாப்பிடவேண்டும். ஆனால் கொட்டனின் பெயரை அச்சிட மறந்த அதே தொழில், பள்ளிக்கூடப் பையன் தன் காதால் கேட்டு எழுதிய தாளை மறக்கவில்லை. உடைமை என்ற சொல் யாருக்காக எப்போது விழித்துக்கொள்கிறது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

எங்களுக்கும் இதில் பங்குண்டு. அறுபதுகளின் முடிவிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடி இலங்கைத் தமிழில் பொப்பிசை எழுந்தபோது, கச்சேரி மேடை அதை ஏற்கவில்லை. கலியாண வீடுகளும் பஸ் பிரயாணங்களும் ஏற்றுக்கொண்டன. அதையும் எங்கள் இளைஞர்கள் வானொலியிலிருந்தும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துமே கற்றார்கள். எத்தனை பேர் எந்தெந்த ஊரில் வாசித்தார்கள் என்பதற்கு எங்களிடம் பட்டியல் இல்லை. ஒரு லோமாக்ஸ் எங்கள் ஒழுங்கைகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு நடக்கவில்லை. நினைவில் வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள், வயதும் ஏறிவிட்டது.

மேலறையில் பழகும் பிள்ளைக்கு பீ7 கோர்ட் இன்று ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும், பஸ் ஏறவேண்டியதில்லை. அந்தப் பிடிக்குப் பின்னால் நிற்கும் மனிதர்களை மட்டும் அவ்வளவு இலகுவில் கிடைக்காது. யாராவது சொல்லவேண்டும். பாட்டைக் கற்கும்போது அது யாரிடமிருந்து வந்தது என்றும் கேட்கப் பிள்ளையைப் பழக்கினால், நாளைக்கு அந்தப் பிள்ளை எங்களிடமும் அதே கேள்வியைக் கேட்கும். பதில் சொல்வதற்கு எங்களிடம் சில பெயர்களாவது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.