கைமாறும் மின்கார்

சொகுசு மின்காரைப் புதிதாக வாங்குவதா, ஒருவர் ஓட்டிய வண்டியை வாங்குவதா என்ற கேள்விக்கு ஏறத்தாழ மின்காரின் வயதே ஆகிறது. பெட்ரோல் வண்டி பழசானால் அதன் விலையை எஞ்சின், கியர், ஓடிய கிலோமீட்டர், எத்தனை கை மாறியது எனப் பல சேர்ந்து முடிவு செய்கின்றன. மின்காரில் இவை பெரும்பாலும் இரண்டாம்பட்சம். மோட்டாரில் தேய்வதற்கு அதிகம் இல்லை, எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியதும் இல்லை. விலையில் பெரும்பங்கை விழுங்கும் பேட்டரி மட்டும் ஓட ஓடவும் தேய்கிறது, சும்மா நின்றாலும் தேய்கிறது. அந்த நட்டம் செய்த கம்பெனியின் தலையில் விழுமா, முதலில் வாங்கியவர் தலையிலா, அடுத்து வாங்குபவர் தலையிலா என்பதை ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தது.

1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் 1,575 மின்சாரத்தில் ஓடுபவை. பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே. மீதி நீராவி வண்டிகள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெட்ரோல் கார் கடைத்தெருவுக்கு வந்துவிட, மின்கார் மாளிகைக்குள் போய்விட்டது. கிளீவ்லாந்தில் பேக்கர் நிறுவனமும், 1907 முதல் டெட்ராயிட்டில் டெட்ராயிட் எலக்ட்ரிக்கும் செய்த வண்டிகள் நகரும் வரவேற்பறைகள் போலிருந்தன. சுற்றிலும் கண்ணாடி, மெத்தை தைத்த இருக்கைகள், பூச்செண்டு வைக்கச் சிறு குவளை. ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதிலாகப் படகின் துடுப்பு போன்ற ஒரு கைப்பிடி. வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஊருக்குள் ஓட்ட அது போதும்.

வாங்கியவர்கள் செல்வர் வீட்டுப் பெண்களும் டாக்டர்களும். அந்நாளைய பெட்ரோல் வண்டியை முன்னால் நின்று இரும்புக் கம்பியால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கை பிசகினால் எலும்பு முறியும். நள்ளிரவில் நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் டாக்டருக்கு அந்தப் பாடு கட்டுப்படியாகாது. (நம்மூர்ப் பழைய கார் சந்தையில் ‘டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்’ என்று தரகர் சொல்லும் புகழ்ச்சிக்கு நூறாண்டுக்கு முன்பே அமெரிக்காவில் ஒரு முன்னோடி இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.) மாடல் டி காரை ஊர் முழுக்க விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது டெட்ராயிட் எலக்ட்ரிக்தான்.

இந்த வண்டிகளின் உடல் உழைத்தது, உயிர் உழைக்கவில்லை. ஈய அமிலப் பேட்டரியின் தகடுகள் சில ஆண்டுகளில் சிதைந்துவிடும். வண்டியைக் கைமாற்றி வாங்கியவர் விரைவிலேயே புதுப் பேட்டரிக்கும் பணம் எண்ண வேண்டிவந்தது. தாமஸ் எடிசன் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய நிக்கல்-இரும்பு பேட்டரி இதற்கு ஒரு விடையாக வந்தது. 1911 வாக்கில் டெட்ராயிட் எலக்ட்ரிக் அதையும் ஒரு தேர்வாக வைத்தது. எடையும் விலையும் கூடுதல், ஆனால் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கும். கேட்ட கூடுதல் தொகை 600 டாலர். 1912-இல் ஒரு பெட்ரோல் காரையே 650 டாலருக்கு வாங்கலாம். மின்சார ரோட்ஸ்டர் ஒன்றின் விலையோ 1,750 டாலர். ஆக, அடுத்த உரிமையாளருக்கும் பயன்படும் நீண்ட ஆயுளுக்கு முதல் உரிமையாளர் இன்னொரு காரின் விலையை முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு தாராளம் எல்லாரிடமும் இருக்காது.

இன்னும் கெட்டிக்காரத்தனமான விடை அதே 1912-இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் வந்தது. அங்கிருந்த மின்விநியோக நிறுவனம் பேட்டரியை வண்டியிலிருந்தே பிரித்துவிட்டது. வாடிக்கையாளர் பேட்டரி இல்லாத மின்லாரியை வாங்குவார். பேட்டரி மின்நிறுவனத்தின் சொத்து. சார்ஜ் தீர்ந்தால் நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம். மாதக் கட்டணமும் ஓடிய மைலுக்கு இவ்வளவு என்ற கட்டணமும் உண்டு. 1924 வரை நடந்த இந்த ஏற்பாட்டில் வண்டிகள் 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடின. 1917 முதல் சிகாகோவில் மில்பர்ன் மின்கார் வைத்திருந்தவர்களுக்கும் இதே வசதி கிடைத்தது. பேட்டரியே தன்னுடையதல்ல என்றானபின் வண்டி புதுசா பழசா என்ற கவலையில் பாதி கழன்றுவிடுகிறது. இன்று சில கம்பெனிகள் பேட்டரி வாடகைத் திட்டத்தைப் புதுமை என்று விளம்பரம் செய்வதைப் பார்த்தால், ஹார்ட்ஃபோர்டு லாரிக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் கம்பி சுற்றும் வேலை போயிற்று. அதோடு மின்காரின் பெரிய வசதியும் போயிற்று. பெட்ரோல் மலிந்தது, ஊருக்கு ஊர் நல்ல சாலை வந்தது. டெட்ராயிட் எலக்ட்ரிக் மட்டும் இழுத்துப் பிடித்தது. பெட்ரோல் வண்டியின் சாயல் வேண்டும் என்பவர்களுக்காக முன்னால் போலி ரேடியேட்டர் வைத்துக்கூட விற்றது. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் திவாலாகி, கைமாறி, கேட்டவர்களுக்கு மட்டும் செய்துகொடுத்து, 1939-இல் கடைசி வண்டியை அனுப்பியது. மொத்தம் ஏறத்தாழ 13,000 வண்டிகள்.

இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் இவி1 காரை இறக்கியது. ஈய அமிலப் பேட்டரி, பின்னர் 1999-இல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. அந்த வண்டியில் புதுசா பழசா என்ற கேள்வியையே கம்பெனி அழித்துவிட்டது: விற்பனை கிடையாது, குத்தகை மட்டும், குத்தகை முடிந்தால் வாங்கிக்கொள்ளும் உரிமையும் கிடையாது. செய்தது 1,117 வண்டிகள். குத்தகைகள் முடிய முடிய அவற்றைத் திரும்பப் பெற்று, சிலவற்றை ஓடாதபடி செய்து அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தந்துவிட்டு, பெரும்பாலானவற்றை நசுக்கியது. கலிபோர்னியாவின் பர்பாங்கில் எஞ்சி நின்ற 78 வண்டிகளுக்குத் தலா 24,000 டாலர் தருகிறோம், வேறு உத்தரவாதம் எதுவும் வேண்டாம் என்று 2005-இல் ஓட்டுநர்கள் முன்வந்தார்கள். கம்பெனி மசியவில்லை. உதிரிபாகம் கொடுக்க முடியாது, பாதுகாப்புப் பொறுப்பு ஏற்க முடியாது என்பது அதன் வாதம். பழைய மின்காருக்கு ஆவலோடு ஆள் காத்திருந்தும் சந்தை கூடாத ஒரே கட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

லித்தியம்-அயான் பேட்டரி வந்த பிறகு கணக்கு மாறியது. 2008-இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரில் மடிக்கணினிக்குப் போடும் வகையைச் சேர்ந்த 6,831 சிறு செல்கள் இருந்தன. விலை ஒரு லட்சம் டாலர் அளவில். 2012-இல் அதே கம்பெனி வெளியிட்ட மாடல் எஸ் செடான்தான் சொகுசு மின்காருக்குப் பெரிய சந்தையை உண்டாக்கியது. வாங்கவந்த பணக்காரரின் அச்சம் பழைய அச்சமேதான்: மூன்று வருடம் கழித்து இதை யார் வாங்குவார்? பெரிய பேட்டரிக்கு எட்டு ஆண்டு, கிலோமீட்டர் வரம்பில்லாத உத்தரவாதம் தரப்பட்டது. அது போதவில்லை. 2013 ஏப்ரலில் டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க் இன்னொரு படி போனார். குறிப்பிட்ட கடன் திட்டத்தில் வாங்குபவர் மூன்று ஆண்டு கழித்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பே ஒப்புக்கொண்ட விலைக்குக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரின் மறுவிற்பனை மதிப்பைவிட அது குறையாது. கம்பெனியால் முடியாவிட்டால் தானே பொறுப்பு என்றார். ஹார்ட்ஃபோர்டுக்காரர்கள் பேட்டரியின் தேய்மானத்தை மட்டும் சுமந்தார்கள். இவர் முழு வண்டியின் விலைச்சரிவையும் சுமக்க முன்வந்தார். 2016-இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. திரும்பிவந்த வண்டிகளைச் சோதித்து உத்தரவாதத்தோடு விற்கும் பிரிவை டெஸ்லா 2015-இல் தொடங்கியது. பல சொகுசு மின்கார்கள் கம்பெனி முத்திரையோடு இரண்டாம் கைக்குப் போகும் வழக்கம் இப்படி வேரூன்றியது.

பழைய மாடல் எஸ் வண்டிக்கு ஒரு விசித்திரமான பெருமையும் இருந்தது. தொடக்க கால வண்டிகள் பலவற்றுக்குச் சூப்பர்சார்ஜர் நிலையங்களில் வாழ்நாள் முழுக்க இலவச சார்ஜ் உண்டு; அது வண்டியோடு ஒட்டிய உரிமை, உரிமையாளரோடு அல்ல. அதனால் சில பழைய வண்டிகள் பின்னால் வந்த புதியவற்றிடம் இல்லாத ஒன்றை வைத்திருந்தன. இதன் எதிர்முகம் 2020-இல் தெரிந்தது: ஒருவர் டீலரிடம் வாங்கிய பழைய மாடல் எஸ் காரிலிருந்து தானியங்கி ஓட்டுதல் வசதியைக் கம்பெனி தொலைவிலிருந்தே நீக்கிவிட்டது. பத்திரிகைகளில் வந்த பிறகே திரும்பக் கொடுத்தது. வண்டியில் இருக்கும் வசதி யாருக்குச் சொந்தம் என்று பழைய பெட்ரோல் கார் வாங்கியவர் ஒருபோதும் கேட்டதில்லை. மின்கார் வாங்குபவர் கேட்டே ஆகவேண்டும்.

2018 முதல் ஜாகுவார் ஐ-பேஸ், ஆடி இ-ட்ரான், மெர்சிடிஸ் ஈக்யூசி, போர்ஷே டைக்கான் என வரிசையாக வந்தன. சரிவும் கூடவே வந்தது. 2023 ஜனவரியில் டெஸ்லா புதிய வண்டிகளின் விலையை அமெரிக்காவில் 20 சதவீதம் வரை வெட்டியது. முந்தின நாள் வரை பழைய வண்டியில் மதிப்பு இருப்பதாக நினைத்தவர்களின் கணக்கு ஒரே இரவில் கலைந்தது. 2021-இல் ஒரு லட்சம் டெஸ்லா வாங்குவதாக அறிவித்த ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம், 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்றுத் தள்ளுவதாக அறிவித்தது. புதிய மின்காருக்கு அமெரிக்க அரசு தந்த 7,500 டாலர் வரிச் சலுகையும் இதே திசையில் தள்ளியது: புதியது மலியும்போது பழையதும் அந்த அளவுக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். 2023-இல் பழைய மின்காருக்கும் 4,000 டாலர் வரை சலுகை வந்தது. ஆனால் விலை 25,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பால் சொகுசு வண்டிகள் பெரும்பாலும் வெளியே நின்றன. இரண்டு சலுகைகளும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தன.

2025-இல் கார் விலைகளை ஆராயும் ஐசீகார்ஸ் வெளியிட்ட கணக்கில், ஐந்து ஆண்டுகளில் எல்லாக் கார்களும் சராசரியாக 45.6 சதவீத மதிப்பை இழக்க, மின்கார்கள் 58.8 சதவீதம் இழந்தன. பட்டியலில் மிக மோசம் ஐ-பேஸ்: 72.2 சதவீதம். இதற்கு நேர் எதிராக வாகனத் தரவு நிறுவனமான ஜியோடாப் 2024-இல் ஆயிரக்கணக்கான வண்டிகளை வைத்துச் சொன்னது, பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுக்குச் சராசரி 1.8 சதவீதம் மட்டுமே குறைகிறது என்று. அதாவது ஐந்து ஆண்டில் பேட்டரி பத்தில் ஒரு பங்குகூடத் தேய்வதில்லை, விலையோ பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஈயப் பேட்டரிக் காலத்து அச்சம் லித்தியம் காலத்துச் சந்தையில் இன்னும் உலவுகிறது என்பது ஒரு காரணம். செல்போன் போல ஆண்டுக்கு ஆண்டு புது மாடல் அதிகத் தூரம் ஓடுவது இன்னொன்று. ஒரு விதிவிலக்கு உண்டு: பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லாத தொடக்ககால நிசான் லீஃப், அரிசோனா வெயிலில் வேகமாகக் கொள்ளளவு இழந்தது. கோடை சுட்டெரிக்கும் ஊர்களில் பழைய மின்கார் தேடுபவர் கவனிக்க வேண்டிய பாடம் அது. இன்றைய சொகுசு வண்டிகளில் பொதுவாகத் திரவக் குளிரூட்டல் உண்டு.

இந்தியாவில் இந்தக் கதை குறுகியது. மெர்சிடிஸ் ஈக்யூசி 2020 அக்டோபரில் 99.30 லட்ச ரூபாய்க்கு வந்தது. அடுத்த ஆண்டு ஐ-பேஸ், இ-ட்ரான், டைக்கான், பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் வந்தன. எல்லாம் இறக்குமதி; 40,000 டாலருக்கு மேற்பட்ட வண்டிக்கு அப்போது 100 சதவீத சுங்கம். மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்; பெரிய பெட்ரோல் சொகுசு வண்டிக்கு 2025 செப்டம்பர் வரை மேல்வரியோடு 50 சதவீதம் வரை இருந்தது. தமிழ்நாடு அரசு மின்வண்டிகளுக்குச் சாலை வரியை முழுமையாக விலக்கி, முதலில் 2022 இறுதி வரையும் பிறகு 2025 இறுதி வரையும் நீட்டித்தது. இச்சலுகைகளெல்லாம் புது வண்டிக்கு. பழைய வண்டிக்கு நேர்ந்தது வேறு: 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பதிவுபெற்ற வியாபாரி விற்கும் பழைய மின்காரின் லாபத்தொகை மீதான வரியை 12-லிருந்து 18 சதவீதமாக்கியது. தனியாள் தனியாளுக்கு விற்றால் அந்த வரி இல்லை.

உள்ளூர்த் தயாரிப்பு விலையை இன்னொரு பக்கம் அசைத்தது. 2022-இல் புனே அருகே சாக்கனில் ஒருங்கிணைத்த மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் 1.55 கோடிக்கு வந்தது. 2025 ஜனவரியில் சென்னையை அடுத்த பிஎம்டபிள்யூ ஆலையில் செய்த சக்கர இடைவெளி நீட்டிய ஐஎக்ஸ்1 காரின் ஷோரூம் விலை 49 லட்சம். ஒரு கோடி கொடுத்து இறக்குமதி வண்டி வாங்கியவர்களின் மறுவிற்பனை விலைக்கு இந்த ஒரு எண்ணே போதுமான அடி.

இதுவரை பழைய பேட்டரியின் உடல்நிலை விற்பவர் வாய்ச்சொல்லாக இருந்தது. அதைத் தாளில் எழுதிவைக்கும் முயற்சி இப்போதுதான் நடக்கிறது. 2022-இல் ஐ.நா. வாகன விதிமன்றம் ஏற்ற நெறி, ஐந்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டரில் 80 சதவீதமும், எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டரில் 70 சதவீதமும் கொள்ளளவு எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்வண்டிப் பேட்டரிக்கும் மின்னணு கடவுச்சீட்டு கட்டாயம்.

இந்தியச் சந்தைக்கு இன்னும் அருகில் ஒரு தேதி இருக்கிறது. ஈக்யூசி காரின் பேட்டரிக்குத் தந்த உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். 2020 அக்டோபரில் இங்கே சாலைக்கு வந்த முதல் வண்டிகளுக்கு அது 2028 அக்டோபரில் முடியத் தொடங்கும்.