மாமனார், மருமகன், இரண்டு புத்தகங்கள்

தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிய பீட்டர் பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில் இறந்தார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். ஓய்வுபெற்றபின் ஏற்காட்டில் குடியிருந்தார்.

பெர்சிவலின் 1874 பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் பழமொழிகள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்; பாதியை அவங்களே முடிச்சு வெச்சாங்க, ஒரே சிரிப்பு. ஃபூட்டின் கற்கருவிப் பட்டியலோ எண், ஊர், கல்வகை... எக்செல் ஷீட் மாதிரி இருக்கேன்னு மூடிவிட்டேன்.

மறுபடி திறக்கவைத்தது ஒரு செய்தி. சேர்வராயன் மலைவாழ் மலையாளி மக்கள், புதிய கற்காலக் கோடாரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். நான் வரிசை எண்ணாகத் தாண்டிப்போன மாதிரிக் கல்தான் அவங்களுக்குச் சாமி.

பழமொழிப் புத்தகம் எனக்குத் தெரிந்ததைச் சிரிப்போடு திருப்பித் தந்தது. பட்டியல்தான் கேட்டது: இப்படி வெறும் எண்ணாகப் பார்க்க எங்கே கத்துக்கிட்டே?