இணைப்பு மாறும்போது வீட்டு மோடம் வேலை செய்யுமா? வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெட்டியுடன் எங்கள் வாசலுக்கு வந்தார். “தம்பி, பழைய வயரக் கழட்டிட்டு ஃபைபர் தாறாங்களாம். நானே புது மோடம் வாங்கிட்டன். இத ஒருக்காப் பூட்டித் தாங்க” என்றார். பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அது ஏடிஎஸ்எல் மோடம். செப்புக் கம்பிக்கு மட்டும் செய்யப்பட்டது. ஃபைபர் வந்தபின் அதை நேரடியாகப் பூட்ட முடியாது. கடைக்காரரிடம் அக்கா “மோடம்” என்று கேட்டிருக்கிறார். அவரும் ஒரு மோடத்தைக் கொடுத்துவிட்டார். எந்த இணைப்புக்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. தையல் வேலையில் அரை மாதம் உழைத்த காசு அது.

முந்தலில் இந்தக் கதை அக்காவுடையது மட்டுமல்ல. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், களப்பையும் கடலையும் ஒட்டிக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் செப்புக் கம்பி, அடுத்த வீட்டில் ஃபைபர், இறால் பண்ணைக் கொட்டிலில் சிம் போடும் ரவுட்டர் என மூன்றும் கலந்தே இருக்கின்றன. வலையமைப்பை மேம்படுத்துகிறோம் என்ற செய்தி வந்தால் மூன்று வீட்டுக்கும் பதில் வேறு வேறு. ஆகவே நான் பார்த்துத் தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் உங்கள் இணைப்பு எது?

மோடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய தொலைபேசிக் கம்பி, சிறிய சதுர முனையோடு ‘டிஎஸ்எல்’ என்று எழுதிய துளைக்குள் போகிறதா? அது செப்பு இணைப்பு. நூல்போன்ற மெல்லிய கேபிள், பெரும்பாலும் பச்சை நிற முனையோடு உள்ளே போகிறதா? அது ஃபைபர். வெளியிலிருந்து எந்தக் கம்பியும் வராமல் சிம் அட்டை மட்டும் இருக்கிறதா? அது 4ஜி ரவுட்டர்.

அடுத்து, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி எண், தொடர் எண், சிம் ரவுட்டர் என்றால் 15 இலக்க ஐஎம்இஐ எண், மின்சாரம் எத்தனை வோல்ட் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். கடைக்குப் போனாலும் நிறுவனத்துக்குப் பேசினாலும் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

செப்பிலிருந்து ஃபைபருக்கு

ஏடிஎஸ்எல் 2+ தொழில்நுட்பத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 24 மெகாபிட். அதுவும் தொலைபேசி நிலையத்துக்கு அருகில் இருந்தால்தான். தூரம் கூடக் கூட வேகம் விழும்; நாலைந்து கிலோமீற்றர் தாண்டினால் இணைப்பே தள்ளாடும். எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று செப்பு இணைப்புகளை அரித்துவிடுவதால், மழை பெய்தால் போனில் கரகரப்பு, இணையம் துண்டிப்பு என்பது பழகிப்போன விடயம். ஃபைபரில் ஓடுவது மின்சாரமல்ல, ஒளி. கண்ணாடி இழை துருப்பிடிக்காது. மின்னலும் அந்த இழை வழியாக வீட்டுக்குள் வராது.

ஆனால் ஒளியை இணையமாக மாற்ற ஓஎன்டி எனப்படும் தனிக் கருவி தேவை. இதைக் கடையில் வாங்கிப் பூட்ட முயல வேண்டாம். ஒரே ஃபைபர் பாதையை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்ளும் அமைப்பு இது. ஆகவே ஒவ்வொரு கருவியின் தொடர் எண்ணையும் நிறுவனம் தன் பக்கத்தில் பதிந்தால்தான் அது பேசத் தொடங்கும். வழமையாக நிறுவனமே கருவியைக் கொண்டுவந்து பூட்டும். அது இலவசமா, வைப்புப் பணம் உண்டா, இணைப்பை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

பூட்டியபின் ‘பொன்’ என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். ‘லொஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நிறுவனத்துக்குத்தான் சொல்ல வேண்டும். கழன்ற ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தீங்கு செய்யலாம்.

பழைய மோடத்தை வீசவும் தேவையில்லை. அதை வைபை பரப்பும் கருவியாகப் பின்னறையில் வைக்கலாம். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், முகவரியை 192.168.1.2 போன்று புதுக் கருவியோடு மோதாத ஒன்றாக மாற்றி, டிஎச்சிபி என்பதை நிறுத்தி, இரண்டின் லேன் துளைகளையும் ஒரு கேபிளால் இணைத்தால் போதும். பழைய மோடங்களில் லேன் துளையின் வேகம் பெரும்பாலும் 100 மெகாபிட்தான். பிள்ளைகளின் படிப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் அது தாராளம்.

கறண்ட் போனால் போனும் போகும்

பலர் கவனிக்காத இடம் இது. செப்புக் கம்பியில் வரும் சாதாரண தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். வீட்டில் கறண்ட் இல்லாவிட்டாலும் அது அடிக்கும். ஃபைபரில் தொலைபேசி ஓஎன்டியோடு இணைகிறது; கறண்ட் போனால் இணையமும் போனும் ஒன்றாக நின்றுவிடும். 2022 மார்ச் முடிவில் நாடு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம்.

இது எங்களுக்கு மட்டுமுள்ள சிக்கலல்ல. பிரித்தானியாவில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 இறுதியில் நிறுத்தத் திட்டமிட்டிருந்தார்கள். தனியாக வாழும் முதியோர் உதவி கோரி அழுத்தும் அவசரக் கருவிகள் பற்றிய கவலை எழுந்ததால் அது 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். கருவியின் லேபிளில் 12 வோல்ட் என்றிருந்தால் யுபிஎஸ்ஸும் 12 வோல்ட் தர வேண்டும். அம்பியர் அளவு லேபிளில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

சிம் ரவுட்டர் வைத்திருப்போருக்கு

இலங்கையில் 3ஜி 2006இலும், 4ஜி 2013இலும் வந்தன. உலகெங்கும் நிறுவனங்கள் 3ஜியை நிறுத்தி, அந்த அலைவரிசையை 4ஜிக்கும் 5ஜிக்கும் திருப்புகின்றன. பழைய 3ஜி டொங்கிள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாள் வந்தால் வேறு வழியில்லை. கருவியை மாற்றத்தான் வேண்டும்.

4ஜி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பதே கேள்வி. லேபிளிலோ கையேட்டிலோ ‘பேண்ட்’ எண்கள் இருக்கும். பேண்ட் 3 என்பது 1800 மெகாஹேர்ட்ஸ். இங்கு 4ஜிக்குப் பரவலாகப் பயன்படுவது. பேண்ட் 8 என்பது 900 மெகாஹேர்ட்ஸ். கோபுரம் தூரமாக உள்ள தென்னந்தோட்டத்துக்குள்ளும் ஓரளவு எட்டும். வீட்டு ரவுட்டர் சேவைகள் 2300 (பேண்ட் 40), 2500–2600 (பேண்ட் 41, 38) அலைவரிசைகளிலும் ஓடுகின்றன. பேண்ட் 1 என்பது 3ஜி ஓடிய 2100. உங்கள் இடத்துக் கோபுரத்தில் எவை உள்ளன என்று நிறுவனத்திடம் கேட்டு, கருவியின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

மத்திய கிழக்கிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் ரவுட்டர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்குள்ள நிறுவனத்தின் சிம்முக்கு மட்டுமென்று அவை பூட்டப்பட்டிருக்கலாம். இங்குள்ள சிம்மைப் போட்டுப் பாராமல் காசு கொடுக்காதீர்கள். ஐஎம்இஐ எண்ணையும் பாருங்கள். ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது உள்ளதா என்று தெரியும்.

4ஜி இருந்தும் அழைப்பு போகாத நிலையும் உண்டு. சில கருவிகள் இணையத்துக்கு 4ஜியையும் குரல் அழைப்புக்குப் பழைய வலையமைப்பையும் பயன்படுத்துபவை. அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்டபோது, அவசர அழைப்பு எடுக்க முடியாத 4ஜி கைப்பேசிகளும் வலையமைப்பிலிருந்து தடுக்கப்பட்டன. உங்கள் ரவுட்டரில் மேசைத் தொலைபேசி பூட்டியிருந்தால் ‘வோல்ட்டீ’ வசதி உண்டா என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

என் பழைய இணைப்பு எந்தத் திகதியில் நிற்கும்? என் மாதிரி எண் கருவி அதன்பின் வேலை செய்யுமா? புதுக் கருவியை யார் தருவது, அதற்கு என்ன செலவு? என் தொலைபேசி இலக்கம் மாறாமல் இருக்குமா? மாதக் கட்டணம் கூடுமா?

பதிலைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது. நிறுவனம் பதில் தராவிட்டால் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு முறையிடலாம்.

அக்காவின் மோடத்தைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. பெட்டி திறந்தாயிற்று என்றார். ஃபைபர் வந்தபின் அதைத் தையல் அறையில் வைபை பரப்பப் பூட்டிக் கொடுத்தேன். காசு முழுவதும் வீணாகவில்லை. ஆனால் அடுத்த வாரம் கறண்ட் போன இரவில், கட்டாரிலிருக்கும் மகன் எடுத்த அழைப்பு வீட்டுப் போனில் அடிக்கவேயில்லை. காலையில் அக்கா மறுபடி வாசலுக்கு வந்தார். இந்த முறை வாங்கிவிட்டு வரவில்லை. ஓஎன்டியின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, “தம்பி, இதுக்கு எந்த யுபிஎஸ் சரி?” என்று கேட்டார்.