ஆண்களுக்கு மார்பு பெருத்தால்: சத்திரசிகிச்சைக்கு முன் அறிந்திருக்க வேண்டியவை

ஓர்ஸ் ஹில்லில் வளரும் ஒரு பெடியன் மேற்சட்டையைக் கழற்றாமல் காலத்தை ஓட்டுவது கடினம். இறங்கினால் கடல். கோணேசர் கோயிலுக்குப் போனால் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கும்பிட வேண்டும். எங்கள் தலைமுறைக்கு இன்னொன்றும் இருந்தது. சுற்றிவளைப்புகளிலும் சோதனைச் சாவடிகளிலும் காயத் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க ஆண்களைச் சேட்டைக் கழற்றி நிற்கச் சொன்ன காலம் அது. மார்பு பெருத்திருந்த ஒருவருக்கு அந்த வரிசையில் பயத்தோடு வெட்கமும் சேர்ந்திருந்தது.

உவர்மலை என்று நாங்கள் சொல்லும் இந்தப் பகுதியிலேயே இதைப் பல வருடங்களாக மறைத்து வாழ்பவர்களை எனக்குத் தெரியும். இரண்டு பெனியன் போடுவார்கள், தோளைக் குறுக்கி நடப்பார்கள், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவார்கள். வைத்தியரிடம் மட்டும் போக மாட்டார்கள். நான் வைத்தியன் இல்லை. ஊடகக் கற்கை படித்துவிட்டு எழுதி வாழ்பவன். மருத்துவ உலகில் நன்கு நிலைபெற்ற தகவல்களைத் தமிழில் ஒரே இடத்தில் தருவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இது என்ன?

ஆண்களின் மார்பிலும் சிறிதளவு பால்சுரப்பித் திசு உண்டு. உடலில் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹோர்மோன்களின் சமநிலை குழம்பும்போது அந்தத் திசு வளரும். இதையே வைத்தியர்கள் 'கைனகோமாஸ்டியா' என்கிறார்கள். முலைக்காம்புக்குக் கீழே தட்டுப்போன்ற இறுக்கமான திசு கையில் தட்டுப்படும், சிலருக்கு நோகும். வெறும் கொழுப்பு சேர்ந்து பெருத்திருப்பது வேறு. அதில் இறுக்கமான தட்டு இருக்காது, உடல் எடை குறைந்தால் அதுவும் ஓரளவு குறையும்.

இது மூன்று வயதுகளில் இயல்பாகவே வரலாம். பிறந்த குழந்தைக்குத் தாயின் ஹோர்மோனால் வரும், சில வாரங்களில் போய்விடும். பருவமடையும் பையன்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் வரும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். பிறகு ஐம்பது வயதுக்கு மேல் மீண்டும் வரும். ஆகவே பதினான்கு வயது மகனுக்கு மார்பு பெருக்கிறது என்று பதறும் பெற்றோர் முதலில் செய்யவேண்டியது, ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிட்டுக் காத்திருப்பது. அவனைக் கேலி செய்யாமல் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

போரும் பட்டினியும்

இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களில் பட்டினி கிடந்த போர்க்கைதிகள் பலருக்கு, மீண்டும் ஒழுங்கான உணவு கிடைக்கத் தொடங்கியபின் மார்பு பெருத்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நீண்ட பட்டினியில் உடல் ஆண் ஹோர்மோன் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. சாப்பாடு திரும்பியதும் அந்த இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்குகிறது, இரண்டாவது முறை பருவமடைவதைப்போல. அந்த இடைக்காலத்தில் சமநிலை தவறுகிறது. இந்த வகை வீக்கம் ஓரிரு வருடங்களில் தானாகக் குறையும்.

1981, 1982இல் அமெரிக்கத் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டிருந்த ஹெய்ட்டி அகதிகளில் பல ஆண்களுக்கும் மார்பு பெருத்தது. பேன் ஒழிக்கத் தெளிக்கப்பட்ட பினோத்ரின் என்ற இரசாயனம் ஆண் ஹோர்மோனைத் தடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள்.

எங்கள் மக்களுக்கு நேரடியாகப் பொருந்தும் காரணங்கள் இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, செல் துண்டாலோ வேறு காயத்தாலோ விதைகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து மார்பு வளரலாம். இரண்டாவது, மனநல மருந்துகள். றிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல் போன்றவை புரோலக்டின் ஹோர்மோனை உயர்த்தி இந்த விளைவைத் தரக்கூடும். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. கிளினிக்கில் சொன்னால் வைத்தியர் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

வேறு காரணங்கள்

இதயத்துக்கும் ஈரலுக்கும் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலக்டோன், புரஸ்டேட் புற்றுநோய்க்கான ஹோர்மோன் மருந்துகள், சிமெற்றிடின், ஜிம்களில் விற்கும் ஸ்டீரொயிட் ஊசிகள் எல்லாம் காரணமாகலாம். மதுவால் ஈரல் சுருங்கியவர்கள், சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்கள், தைரொயிட் மிகையாகச் சுரப்பவர்கள் ஆகியோருக்கும் வரலாம். விதையில் தோன்றும் கட்டியின் முதல் அடையாளமாகவும் இது சில வேளைகளில் வருகிறது. அதனால் மார்பைக் காட்டப் போனவரிடம் வைத்தியர் விதையையும் பரிசோதிக்க வேண்டும் என்றால் கூச்சப்படாதீர்கள்.

ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். மொத்த மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று ஆண்களுடையது. ஒரு பக்கத்தில் மட்டும், முலைக்காம்புக்கு நேர்கீழே அல்லாமல் விலகி, கல்லுப்போன்ற கட்டி இருந்தால், தோல் உள்ளிழுத்தால், காம்பிலிருந்து இரத்தம் வந்தால், அக்குளில் கட்டி தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மருந்தா, கத்தியா?

காரணம் தெரிந்து அதை நீக்கினால் பலருக்கு வேறு எதுவும் தேவைப்படாது. வீக்கம் புதிதாக, நோவோடு இருக்கும் காலத்தில் டமொக்ஸிபென் மாத்திரையைச் சில வைத்தியர்கள் கொடுப்பார்கள். ஒரு வருடம் கடந்துவிட்டால் திசு நார்த்தன்மை அடைந்து இறுகிவிடும். அதன்பின் மாத்திரை பெரிதாக உதவாது. பூசும் கிறீம்களும் உதவாது. அந்தக் கட்டத்தில்தான் சத்திரசிகிச்சை பேச்சுக்கு வருகிறது. பருவ வயதுப் பையன்களுக்கு வளர்ச்சி முடியும்வரை பொறுப்பதே வழக்கம்.

சத்திரசிகிச்சை முறைகள்

மார்பின் அளவும் தோலின் தொய்வும்தான் முறையைத் தீர்மானிக்கின்றன. 1973இல் சைமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது சகாக்களும் வகுத்த தரப்படுத்தல் இன்றும் பயன்படுகிறது. சிறிய வீக்கம் முதலாம் தரம். நடுத்தர வீக்கம் இரண்டாம் தரம், தோல் தொய்ந்திருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு அது இரண்டாகப் பிரியும். பெரிய வீக்கமும் மிகுந்த தோல் தொய்வும் மூன்றாம் தரம்.

கொழுப்பு உறிஞ்சல்: கொழுப்பே அதிகமாக உள்ளவர்களுக்கு. சில மில்லிமீற்றர் அளவான துளைவழியே மெல்லிய குழாயைச் செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். தழும்பு மிகச் சிறியது. இறுகிய சுரப்பித் திசுவை இது மட்டும் முழுமையாக எடுக்காது.

சுரப்பித் திசுவை வெட்டி அகற்றல்: முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாக வெட்டித் திசுவை எடுப்பார்கள். இந்த வெட்டை 1946இல் வெப்ஸ்டர் விவரித்தார். தழும்பு கருவட்டத்தின் ஓரத்தில் மறைந்துவிடும். காம்பு உள்ளே குழிந்துவிடாதிருக்க அதன் கீழே சிறிது திசுவை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்தல்: இன்று பலருக்குச் செய்யப்படுவது இதுதான். சுற்றியுள்ள கொழுப்பை உறிஞ்சி, நடுவிலுள்ள திசுவை வெட்டி எடுத்தால் மார்பு மட்டமாக அமையும்.

தோலையும் வெட்டி எடுத்தல்: மூன்றாம் தரத்துக்கும், எடை பெருமளவு குறைந்து தோல் தொங்குபவர்களுக்கும். தழும்பு நீளமாக, வெளியே தெரியும்படி இருக்கும். மிகப் பெரிய மார்பானால் முலைக்காம்பையே எடுத்து வேறிடத்தில் ஒட்டவேண்டி வரலாம், அப்போது உணர்ச்சி குறையும்.

இது இன்று நேற்றுத் தோன்றிய அழகுக்கலை அல்ல. ஏழாம் நூற்றாண்டிலேயே ஈஜினாவின் பவுல் என்ற பைசாந்திய மருத்துவர் ஆண் மார்பைப் பிறைவடிவில் வெட்டித் திருத்தும் முறையை எழுதிவைத்தார்.

பின்விளைவுகளும் ஓய்வும்

பெரும்பாலும் முழு மயக்கத்தில் செய்வார்கள். அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். சிலருக்கு நீர் வடியக் குழாய் வைப்பார்கள். இறுக்கமான அமுக்க உடையைச் சில வாரங்கள் அணிய வேண்டும். மேசை வேலைக்கு ஒரு வாரமளவில் போகலாம். வலை இழுப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், கட்டட வேலை செய்பவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். நாட்சம்பளத்தில் வாழ்பவர் அந்த வாரங்களுக்கான வீட்டுச் செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

உள்ளே இரத்தம் கட்டுதல், நீர் சேர்தல், கிருமித்தொற்று, காம்பு மரத்துப்போதல், இரு பக்கமும் சமமில்லாதிருத்தல், அளவுக்கு மேல் எடுத்ததால் குழி விழுதல் ஆகியவை ஏற்படலாம். எங்களைப்போன்ற கருமையான தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம். பழைய காயத் தழும்புகள் தடித்திருந்தால் அதை வைத்தியருக்குக் காட்டுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கினால் போதும். அங்கிருந்து சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்புவார்கள். தேவையானால் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஆனால் நோய் இல்லாத, தோற்றம் சார்ந்த சத்திரசிகிச்சைக்கு வரிசை பின்னால் தள்ளப்படலாம். பிரித்தானியாவில் உள்ள உறவுகளுக்கும் இதே நிலைதான். அங்கே என்.எச்.எஸ். பொதுவாக இதற்குப் பணம் ஒதுக்குவதில்லை. நோவையும், வெளியே போக முடியாமலிருப்பதையும், மனவுளைச்சலையும் கிளினிக்கில் வாய்திறந்து சொல்லுங்கள். வைத்தியரின் முடிவுக்கு அவையும் தேவை.

தனியாரிடம் போவதானால், அந்த நிலையம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டத்தின்கீழ் பதிவானதா, வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்று கேளுங்கள். இந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள்:

1. எனக்கு இருப்பது சுரப்பித் திசுவா, கொழுப்பா, இரண்டுமா?
2. காரணம் தேட இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்தாயிற்றா?
3. எந்த முறை, தழும்பு எங்கே வரும்?
4. எடுத்த திசுவை நோயியல் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?
5. மறுபடி செய்யவேண்டி வந்தால் செலவு யாருடையது?

இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் கத்தி வைக்கச் சம்மதிக்க வேண்டாம். காரணம் உடலுக்குள் இருக்கும்வரை வெட்டிய இடத்தில் மறுபடி வளரக்கூடும். அந்தக் காரணம் ஈரலிலோ விதையிலோ இருந்தால், மார்பை விட அவசரமாகக் கவனிக்க வேண்டியது அதுதான்.