சேதுபதியர் ஓவியத்தில் செம்மை: வண்ணமும் மெய்ப்பாடும்

உள்ளத்து நிகழும் உணர்ச்சி கண்ணீராகவும் மயிர்ச்சிலிர்ப்பாகவும் நடுக்கமாகவும் உடம்பின்கண் தோன்றுதலே மெய்ப்பாடு எனத் தமிழ் மரபு கொள்ளும். அங்ஙனமாயின், மனித உடம்பே இடம்பெறாத அருவ ஓவியத்தில் மெய்ப்பாடு எவ்வாறு பிறக்கும்? அருவ ஓவியம் மேனாட்டிலிருந்து வந்த புதுவழக்கு என்றும், நம் இலக்கணக் கோட்பாடுகள் அதற்குப் பயன்படா என்றும் கருதுவாரும் உளர். அக்கருத்து மறுஆய்வுக்கு உரியது. அதற்குத் தக்க களமாக இராமநாதபுரத்து அரண்மனைச் சுவர்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

கிழவன் சேதுபதி எனப் பெயர்பெற்ற இரகுநாத சேதுபதி, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறியவர். இராமலிங்க விலாசம் என்னும் அரண்மனைப் பகுதி அவர் காலத்ததாகக் கருதப்பெறுகிறது. அதன் சுவரோவியங்கள், அவருக்குப்பின் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முத்து விசய இரகுநாத சேதுபதி காலத்தன என்பர். தஞ்சை மராட்டியரோடு நிகழ்ந்த போர், மதுரை விசயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்குச் செய்யும் மணிமுழுக்கு, ஐரோப்பியர் அவைக்கு வந்து மன்னரைக் காணுதல், இராமாயண பாகவத நிகழ்ச்சிகள் ஆகியவை அங்கே தீட்டப்பெற்றுள்ளன. மேல்தளத்தில் மன்னரும் மகளிரும் கூடிய இன்பக் காட்சிகள் உள்ளன. பெண்ணுருவங்கள் பல பின்னி யானை வடிவாக அமைந்த ஓவியமும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இவ்வோவியங்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அரசியல் வரலாற்றுக்கே அவற்றைப் பயன்கொண்டனர். ஓவியங்களின் ஊடே எழுதப்பெற்ற தமிழ்க் குறிப்புகள் அதற்குத் துணை நின்றன. நாம் ஈண்டு நோக்குவது வண்ணத்தை. இங்குள்ள முகங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பின. நீண்ட கண்ணும் கூரிய மூக்கும் பக்கத்தோற்றமும் காட்சிதோறும் மீண்டு வருகின்றன. வாள் ஓங்கும் வீரனது முகத்தையும் மகளிரோடு அமர்ந்த மன்னனது முகத்தையும் தனியே எடுத்துவைத்தால், இது பெருமிதம், இஃது உவகை எனப் பிரித்தறிதல் எளிதன்று. ஆயினும் முழுக்காட்சியைக் காணுங்கால் உணர்ச்சி வேறுபாடு நன்கு புலனாகின்றது. முகம் செய்யாத அப்பணியைச் செய்வன உருவங்களின் அடுக்கும் வண்ணமுமே.

அவ்வண்ணங்களுள் மேலோங்கி நிற்பது செம்மை. அஃது இயற்கை வானின் நிறமோ மண்ணின் நிறமோ அன்று. காட்சிக்கு நிலைக்களமாக ஓவியன் வகுத்துக்கொண்ட நிறம். போரில் நெருங்கிய குதிரைகளுக்கும் படைக்கலங்களுக்கும் பின்னே நிற்குங்கால் அது வெகுளியையும் பெருமிதத்தையும் வளர்க்கிறது. மகளிரின் அணிகளுக்கும் மலர்களுக்கும் பின்னே நிற்குங்கால் உவகையை வளர்க்கிறது. நிறம் ஒன்று, மெய்ப்பாடு பல. ஆகவே சிவப்பு சினத்தைக் குறிக்கும், நீலம் அமைதியைக் குறிக்கும் என அகராதி வகுப்பது இவ்வோவியங்களுக்குப் பொருந்தாது.

இந்நெறி தமிழ்ச் செய்யுளுக்குப் பழமையானது. திப்புத்தோளார் பாடிய குறுந்தொகை முதற்பாட்டில் போர்க்களமும் அம்பும் யானைக்கோடும் செம்மையுற்றுத் தோன்றுகின்றன. அச்செம்மையே இறுதியில் முருகன் குன்றத்துக் காந்தளில் வந்து அமைகின்றது. குருதியின் நிறம் காதற் கையுறையின் நிறமாகிவிடுகிறது. தலைவன் தரும் காந்தளைத் தோழி மறுக்கும் துறையாதலின், அகத்தின் உள்ளே புறத்தின் வெம்மையும் நின்று பொருள் தருகின்றது. சேதுபதியர் ஓவியன் இப்பாட்டை அறிந்திருந்தான் என்பது நம் கருத்தன்று. சேர்க்கையால் நிறம் பொருள்படும் என்னும் நெறி இரண்டிற்கும் பொது என்பதே நாம் கூற வருவது.

உருசிய நாட்டு ஓவியர் காண்டின்சுகி, 1911-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த தம் நூலில், ஒவ்வொரு நிறமும் ஆன்மாவை நேரே தாக்கும் என்றார். நிறங்களை இசைக்கருவிகளின் ஒலியோடு ஒப்பிட்டார். அருவ ஓவியக் கொள்கைக்கு அந்நூல் ஒரு தோற்றுவாய். நம் மரபு இதனினும் வேறுபட்ட விளக்கம் ஒன்றைத் தரவல்லது. சுவைக்கப்படும் பொருள், பொறியுணர்வு, உள்ளக் குறிப்பு, உடம்பில் தோன்றும் சத்துவம் என மெய்ப்பாட்டின் நிகழ்ச்சியைப் பேராசிரியர் நான்காகப் பகுத்துக் காட்டுவர். புலியைக் கண்டான் அச்சத்துக்குப் புலி ஏது. அச்சம் நிகழும் இடமோ கண்டான் உடம்பு. அருவ ஓவியத்தில் வண்ணம் சுவைப்பொருளாய் நிற்கின்றது. ஏனைய மூன்றும் காண்போனிடத்து நிகழ்கின்றன. ஆகவே அங்கும் மெய் உண்டு. அது திரைக்கு முன்னே நிற்பவன் மெய்.

கீரனூரில் 1938-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 2008-இல் மறைந்த கே. எம். ஆதிமூலத்தின் படைப்புகளை இவ்வாறு பயிலலாம். காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-ஐ ஒட்டி வரைந்த கோட்டோவியங்களாலும், அரசர் உருவங்களாலும் அவர் புகழ் பெற்றார். பின்னர் உருவத்தை விடுத்து எண்ணெய் வண்ணப் பரப்புகளுக்குச் சென்றார். அப்பரப்புகளில் நிலமும் நீரும் ஒளியும் உணரப்படுகின்றன. மரமோ மனிதனோ இல்லை. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் வண்ணமாய் நிற்க, கருப்பொருள் நீங்க, உரிப்பொருள் காண்போன் உள்ளத்தே நிறைவுறுகின்றது. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரியே தலைசிறந்தது என்பது தொல்காப்பியர் கருத்தாதலின், இதனைத் தமிழ் மரபுக்குப் புறம்பானது என ஒதுக்குதல் இயலாது.

இவ்வாராய்ச்சிக்கு அடிப்படை வண்ணமே. இராமலிங்க விலாசம் இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆயினும் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய வண்ணம், கல்வெட்டுப்போல் நெடிது நிற்பதன்று. எழுத்துக் குறிப்புகளைப் படியெடுத்து வைத்தாற்போல, ஒவ்வொரு காட்சியின் நிலைக்கள நிறத்தையும் அண்டை நிறங்களையும் படியெடுத்து வைத்தல் வேண்டும். எழுத்து மட்டும் எஞ்சுமாயின், மன்னன் யாரோடு பொருதான் என்பதை வருங்காலத்தார் அறிவர். அப்போரைக் கண்டார்க்கு என்ன மெய்ப்பாடு தோன்றியது என்பதை அறியார். முதுகலை மாணாக்கர் இப்பணியை மேற்கொள்வது நன்று.