டிக்கெட் வாங்கிப்போட்ட ஆள் காப்பாற்றிய கம்பெனி

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள். அவள் நாலு வருஷமாக வீடுகளுக்கு இன்டீரியர் டிசைன் செய்து கொடுக்கிறாள். தனி ஆள்தான். தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் வேலைக்குத் தகுந்தபடி வந்து போகிறவர்கள்.

"அண்ணா, இனிமே என்னால தனியா முடியல. மாசச் சம்பளத்துக்கு ஒருத்தரை வைக்கணும். என்னை மாதிரி வரையத் தெரிஞ்ச ஒரு பொண்ணை எடுக்கறதா, இல்ல சைட்டைப் பாத்துக்க ஒரு ஆளை எடுக்கறதா? தப்பான ஆளை எடுத்துட்டா ஆறு மாசச் சம்பளம் தண்டம். அதைத் தாங்கற அளவுக்கு என்கிட்ட காசு இல்ல."

ஆபீஸில் நான் நிறைய இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சம்பளம் ஒருநாளும் என் பாக்கெட்டிலிருந்து போனதில்லை. அதனால் "யோசிச்சு சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது வில்லியம் மோரிஸைப் பற்றி. ரெண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் நான் படிக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது என்று. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

மோரிஸ் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது வால்பேப்பர். இலையும் கொடியும் பறவையுமாகப் பின்னிப் பிணைந்த அந்த டிசைன்கள் இன்றைக்கும் தலையணை உறை, டைரி அட்டை என்று எங்கே பார்த்தாலும் விற்கின்றன. ஆனால் அவர் நடத்தியது வால்பேப்பர் கடை மட்டும் அல்ல. சுவர், ஜன்னல், மேஜை நாற்காலி, திரைச்சீலை, ஓடு என்று ஒரு கட்டடத்தின் உள்ளே கண்ணில் படுகிற எல்லாவற்றையும் செய்து தரும் கம்பெனி. இன்றைய பாஷையில் சொன்னால் இன்டீரியர் டிசைன் ஸ்டூடியோ.

அது ஆரம்பித்த விதமும் நமக்குப் பழக்கமானதுதான். 1859-இல் மோரிஸுக்குக் கல்யாணம். நண்பர் பிலிப் வெப் லண்டனுக்கு வெளியே, பெக்ஸ்லிஹீத்தில், அவருக்கு ஒரு செங்கல் வீடு கட்டிக் கொடுத்தார். பெயரே ரெட் ஹவுஸ். வீடு தயார், ஆனால் உள்ளே போட மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு சாமானும் கடையில் கிடைக்கவில்லை. நண்பர்கள் கூடி அவர்களே சுவரில் ஓவியம் தீட்டினார்கள், மரச்சாமான் வடிவமைத்தார்கள், பெண்கள் திரைச்சீலைக்கு எம்ப்ராய்டரி போட்டார்கள். "இதையே தொழிலாகப் பண்ணினால் என்ன?" என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

1861 ஏப்ரலில் லண்டன் ரெட் லயன் சதுக்கம் 8-ஆம் எண் கட்டடத்தில் கம்பெனி தொடங்கியது. 7 கூட்டாளிகள். மோரிஸ், வெப், ஓவியர்களான ராசெட்டி, பர்ன்-ஜோன்ஸ், மேடாக்ஸ் பிரவுன், பொறியாளர் மார்ஷல், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த ஃபாக்னர். ஆளுக்கு 1 பவுண்டு முதல் போட்டார்கள். அதோடு மோரிஸின் அம்மா கொடுத்த 100 பவுண்டு கைமாற்று. மொத்த முதலீடே அவ்வளவுதான்! அடுத்த வருஷம் ஆளுக்கு இன்னும் 19 பவுண்டு போட்டார்கள்.

சரி, இவர்கள் முதலில் வேலைக்கு எடுத்தது யாரை?

அன்றைக்கு இங்கிலாந்தில் புதுசு புதுசாகச் சர்ச் கட்டிக்கொண்டிருந்த காலம். வர்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு நல்ல கிராக்கி. கூட்டாளிகளில் அருமையாக வரையத் தெரிந்தவர்கள் பலர். ஆனால் வரைந்தால் மட்டும் ஜன்னல் ஆகிவிடாது. படத்துக்கு ஏற்ற நிறக் கண்ணாடியைத் தேர்ந்து வெட்ட வேண்டும். முகம், துணி மடிப்பு போன்ற கோடுகளை அதற்கென்று உள்ள வண்ணத்தால் தீட்ட வேண்டும். பிறகு சூளையில் சுட வேண்டும். சூடு குறைந்தால் வண்ணம் கண்ணாடியோடு சேராமல் பின்னாளில் உதிரும். கூடினால் கண்ணாடியே இளகிக் கெட்டுவிடும். கடைசியில் துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்துச் சட்டத்தில் ஏற்ற வேண்டும். இது முழுக்கக் கைப்பழக்கம். புத்தகம் படித்து வராது.

ஆக, அவர்களுக்குத் தங்களுக்கு என்ன தெரியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்துக்கு ஜார்ஜ் கேம்ப்ஃபீல்ட் என்ற கண்ணாடி ஓவியரைப் பிடித்தார்கள். அவர் கிரேட் ஆர்மண்ட் தெருவில் தொழிலாளர்களுக்காக நடந்த கல்லூரியின் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவர். பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரி படிக்க வருகிற ஆள் என்றால் யோசித்துப் பாருங்கள். அவரை ஃபோர்மேன் ஆக்கினார்கள். அடித்தளத்தில் சூளை அமைந்தது. உதவிக்கு யூஸ்டன் சாலையில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்திலிருந்து பையன்களை எடுத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள்.

1862-இல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் கம்பெனிக்கு 2 பதக்கங்கள். கண்ணாடி வேலை எவ்வளவு நன்றாக இருந்தது என்றால், "இது புதுசே இல்லை, பழைய காலத்துக் கண்ணாடியைத் தட்டித் திருத்திக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்" என்று போட்டியாளர்கள் புகார் கிளப்பினார்கள். முதல் ஆள் விஷயத்தில் அவர்கள் தப்பு பண்ணவில்லை.

ஆனால் கம்பெனிக்கு இன்னொரு ஓட்டை இருந்தது. அது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

பணக் கணக்கு ஃபாக்னரிடம் இருந்தது. கணித ஆசிரியர்தானே, கணக்கு பார்ப்பார் என்று விட்டிருப்பார்கள் போல. வருஷத்துக்கு 150 பவுண்டு சம்பளம். அவரும் ஓடுகளுக்கு வண்ணம் தீட்டுவது மாதிரி வேலைகளில் கை வைத்துக்கொண்டே கணக்கும் பார்த்தார். 1864-இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பிப் போய்விட்டார். அதே சமயத்தில் மோரிஸுக்குக் கடுமையான மூட்டுவாதக் காய்ச்சல். அப்பா விட்டுப்போன செம்புச் சுரங்கப் பங்குகளிலிருந்து வந்த வருமானமும் குறைந்துகொண்டே வந்தது. அதுவரை கம்பெனியில் எவ்வளவு கை கடித்தாலும் அந்தப் பங்குப் பணம் மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. 1865-இல், ஆசை ஆசையாகக் கட்டிய ரெட் ஹவுஸை விட்டுவிட்டு, குயின் சதுக்கத்தில் கம்பெனியும் குடும்பமும் ஒரே கட்டடத்துக்குக் குடிவந்தன.

அந்த வருஷம்தான் வாரிங்டன் டெய்லர் மேனேஜராக வந்தார்.

இவருடைய பயோடேட்டாவை இன்றைக்கு எந்த எச்.ஆர். பார்த்தாலும் ஓரமாக வைத்துவிடுவார். நல்ல குடும்பத்தில் பிறந்து, பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் படித்து, பிறகு நொடித்துப் போனவர். ஒரு ஓபரா அரங்கின் வாசலில் டிக்கெட் வாங்கிப்போடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டிசைனர் கிடையாது, தச்சர் கிடையாது, கணக்காளரும் கிடையாது.

ஆனால் அவரிடம் மற்ற 7 பேரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. "இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு வாங்கினோம்?" என்று கேட்கும் வாய்.

அவர் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. காசநோய் வந்து, கடல்காற்றுக்காக ஹேஸ்டிங்ஸ் போய்த் தங்கியபோதும் அங்கிருந்தே கடிதம் கடிதமாக எழுதிக் கம்பெனியை நடத்தியிருக்கிறார். அதில் மோரிஸைப் பற்றி ஒரு புகார் உண்டு. அதன் சாரம் இது: இவர் ஒரே நேரத்தில் அரை டஜன் வேலையை ஆரம்பித்துவிடுகிறார், அதில் பாதிக்குத்தான் வரைபடம் தயார், ஓரிரு வாரத்தில் மீதி நின்றுவிடுகிறது, ஆட்களை வேறு வேலைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது, செய்து வைத்த துண்டுகள் காணாமல் போகின்றன, திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும், எல்லாம் நஷ்டம்.

இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். 20 வருஷமாக சாஃப்ட்வேர் டீம்களில் இதே வாக்கியத்தைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு வேலையை ஓபன் பண்ணி வைத்துக்கொண்டு ஒன்றையும் முடிக்காமல் இருப்பது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு என்று நாங்கள் போர்டு மாட்டிச் சொல்வதை, காசநோயோடு படுத்திருந்த மனுஷர் 150 வருஷத்துக்கு முன்னாலேயே கடிதத்தில் எழுதிவிட்டார்.

வெப்புக்கும் திட்டு உண்டு. அவர் உழைப்புக்குக் காசு கேட்கக் கூச்சப்படுகிற ரகம். வரைவதற்கு ஆகும் நேரத்துக்கு விலை போடாமல் பொருளுக்கு மட்டும் போட்டால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்? டெய்லரின் கோபம் அதுதான். மோரிஸின் வீட்டுச் செலவையும் விடவில்லை. குடிக்கிற ஒயினைக் குறை என்கிற வரைக்கும் போயிருக்கிறார். சம்பளம் வாங்குகிற ஆள் முதலாளியைப் பார்த்து இப்படி!

மோரிஸ் லேசுப்பட்டவர் இல்லை, கோபத்துக்குப் பேர்போனவர். ஆனாலும் டெய்லரை அனுப்பவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் மேனேஜர் அவர்தான். இந்தக் காலத்தில்தான் கம்பெனிக்குப் பேர் வாங்கித் தந்த ரெண்டு பெரிய வேலைகள் வந்தன. ஒன்று செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் அறைகள். இன்னொன்று சவுத் கென்சிங்டன் மியூசியத்தின் பச்சை உணவறை. அந்த மியூசியம்தான் இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட். அந்த அறையில் இப்போதும் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

1870-இல் டெய்லர் இறந்துபோனார். கம்பெனியில் இருந்தது 5 வருஷம்கூடத் தேறாது. அடுத்து மேனேஜரான ஜார்ஜ் வார்டில் 20 வருஷம் நடத்தினார். ஆனால் மேனேஜர் என்றால் முதலாளியையே கேள்வி கேட்கலாம் என்ற வழக்கத்தை உண்டாக்கியவர் டெய்லர்தான் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். கேம்ப்ஃபீல்ட் மாலை வகுப்பிலிருந்து, பையன்கள் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து, டெய்லர் அரங்க வாசலிலிருந்து. 1878-இல் கடைப் பையனாகச் சேர்ந்த ஜான் ஹென்றி டியர்ல் என்பவரோ பிறகு நெசவு கற்று, டிசைனர் ஆகி, மோரிஸ் இறந்தபின் கம்பெனியின் கலைப்பொறுப்பு முழுவதையும் ஏற்றார். யாருமே 'இந்த வேலைக்கு இந்தப் படிப்பு' என்று வந்தவர்கள் இல்லை.

ஆஹா, என்ன ஒரு முதலாளி என்று உடனே கோயில் கட்ட வேண்டாம். அந்த உறுத்தல் மோரிஸுக்கே இருந்தது. சோஷலிஸ்ட் ஆன பிறகு, 1884-இல் ஒரு கடிதத்தில் அவரே கணக்குப் போடுகிறார். தன் வருமானம் வருஷத்துக்கு 1,800 பவுண்டு. தனக்கு 200 மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சுமார் 100 தொழிலாளிகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 16 பவுண்டு வரும். இதனால் அவர்கள் வாழ்க்கை அடியோடு மாறிவிடாது, மொத்த அமைப்பே மாற வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமா, சாக்கா என்று எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும் என்பது மட்டும் புரிகிறது.

தங்கச்சிக்கு ஃபோன் போட்டேன். மோரிஸ் கதையெல்லாம் சொல்லவில்லை, வைத்துவிடுவாள். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "போன வருஷம் முடிச்ச வேலைல எதுல எவ்வளவு நின்னுச்சு, சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சுமாரா சொல்லட்டுமா?" என்றாள்.

"வேணாம். அதைச் சரியாச் சொல்ற ஆளை வை" என்றேன்.

வரையத் தெரியாத இடத்தில் ஆள் தேவை என்பது யாருக்கும் உடனே தெரிந்துவிடும். வேலை நின்றுபோகும், அதனால் தெரியும். கணக்குத் தெரியாத இடத்தில் வேலை நிற்காது, நன்றாகவே ஓடும். கைக்காசு கரைந்த பிறகுதான் தெரியும். மோரிஸுக்கு அது தெரிய 4 வருஷமும் ஒரு வீடும் ஆயிற்று.

அவள் எடுத்தது ஒரு ஹார்டுவேர் கடையில் ரொம்ப வருஷம் பில் போட்ட ஒரு பெரியவரை. பிளைவுட் விலையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாராம். சேர்ந்த ரெண்டாவது வாரமே, "இந்த ரெண்டு வீட்டையும் முடிச்சுக் காசு வாங்காம மூணாவது சைட்டுல ஆணி அடிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டாராம். தங்கச்சிக்கு ஒரே கோபம்.

"நான் சம்பளம் குடுக்கறேன், அவரு என்னைத் திட்றாரு" என்று ஃபோனில் புலம்பினாள்.

எனக்கு லண்டனில் ஃபுல்ஹாம் பக்கம் இருக்கிற ஒரு கல்லறை ஞாபகத்துக்கு வந்தது. வாரிங்டன் டெய்லருடையது. அதை வடிவமைத்துக் கொடுத்தவர் பிலிப் வெப். காசு கேட்கத் தெரியவில்லை என்று அத்தனை திட்டு வாங்கினாரே, அதே வெப்.