பெயர் ஓரிடம், பக்குவம் ஓரிடம்

ஒரு பொருளுக்கு உரியவர் யார்? அதனைச் செய்யும் ஆலைக்குச் சொந்தக்காரரா? அதன் பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பவரா? அன்றி, அதனைச் செய்யும் பக்குவம் அறிந்தவரா? பெரும்பாலும் இம்மூன்றும் ஒருவரிடமே இருத்தலால் இவ்வினா எழுவதில்லை. இவை தனித்தனியே பிரிந்த காலத்து நேர்ந்ததைப் பிரான்சு நாட்டு வரலாறு ஒன்று தெளிவுறக் காட்டுகின்றது.

பிரான்சின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலைச்சாரலில், 1084-ஆம் ஆண்டில் புரூனோ என்னும் துறவி ஒரு மடத்தை நிறுவினார். ஷார்த்ரூஸ் என்பது அவ்விடத்தின் பெயர். மௌனமும் தனிமையும் அம்மடத்தார் மேற்கொண்ட நெறிகள். 1605-இல் எஸ்த்ரே என்னும் படைத்தலைவர், மூலிகைச் சாறு ஒன்றைச் செய்யும் முறை எழுதிய பழஞ்சுவடியை இத்துறவியருக்கு அளித்தார். 1737-இல் அது மருந்தாக உருப்பெற்றது. பின்னர் அதிலிருந்து மூலிகை மதுவும் பிறந்தது. ஏறத்தாழ 130 மூலிகைகள் அதிற் சேரும் என்பர். அவற்றின் அளவும் முறையும் துறவியர் சிலர்க்கே தெரியும். மதுவின் புகழ் கடல் கடந்து பரவிற்று.

1901-இல் பிரான்சு அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அரசின் இசைவு பெறாத துறவியர் சங்கங்கள் கலைக்கப்பட வேண்டும். ஷார்த்ரூஸ் துறவியருக்கு இசைவு கிட்டவில்லை. 1903-இல் படைவீரர் வந்து அவர்களை மடத்தினின்றும் வெளியேற்றினர். அவர்தம் உடைமைகளைப் பொறுப்பேற்று விற்க நீதிமன்றம் ஓர் அதிகாரியை நியமித்தது. ஆலை அவர் கைக்கு வந்தது. பிரான்சில் பெயரும் சின்னமும் வந்தன. பக்குவம் மட்டும் வரவில்லை. அது துறவியருடன் எல்லை கடந்து, ஸ்பெயின் நாட்டுத் தர்ரகோனா நகருக்குச் சென்றுவிட்டது. அங்கே அவர்கள் முன்போலவே மதுவைக் காய்ச்சினர். இங்கேயோ, கூடியவரை அதனை ஒத்த வேறொன்று பழைய பெயரிலேயே விற்கப்பட்டது. ஒரு புட்டியில் பெயர் இருந்தது, பக்குவம் இல்லை. மற்றொன்றில் பக்குவம் இருந்தது, பழைய பெயர் இல்லை!

பிற நாடுகளில் அப்பெயர் எவர்க்குரியது? இங்கிலாந்தில் வழக்குத் தொடர்ந்த துறவியர், 1910-இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பினால் வெற்றி பெற்றனர். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பிரான்சின் சட்டம் பிரான்சிலுள்ள சொத்தை மாற்றலாம். பிற நாட்டிலுள்ள உரிமையைப் பறிக்க அதற்கு அதிகாரமில்லை என்பதே அத்தீர்ப்புகளின் சாரம். அப்பெயரைக் கேட்டு வாங்குவோர் துறவியர் கைப்பட்ட பொருளையே நாடுகின்றனர் என்பதும் கருதத்தக்கது.

பிரான்சில் அப்பெயரைப் பெற்ற நிறுவனம் நாளடைவில் நொடித்தது. 1929-இல் அவ்வட்டாரத்து வணிகர் சிலர் அதன் பங்குகளை வாங்கித் துறவியர்க்கே அளித்தனர். பிரிந்த பெயரும் பக்குவமும் மீண்டும் ஒன்று சேர்ந்தன.

மாணவர்களே, சட்டம் வலிமை மிக்கது. எனினும் அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, நாட்டின் எல்லை. மற்றொன்று, மனிதன் கற்றறிந்த தொழிலறிவு. கதவை முத்திரையிடலாம், பெயரை ஏலமிடலாம். கற்றவன் உள்ளத்தில் இருப்பதை எந்த அதிகாரியும் பட்டியலில் எழுதிக்கொள்ள இயலாது. ஆலை இழந்து, நாடிழந்து நின்ற துறவியர்க்கு மறுவாழ்வு அளித்தது அவ்வறிவே.